கியர் பாக்ஸ் மாற்றிய பின் கிளட்ச் தொல்லையா?
மலைக்குச் சரக்கு ஏற்றும் வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டியவை



கொள்முதல், விலை நிலவரம், வரி பற்றிப் படிக்கும் இந்தப் பக்கங்களில் கிளட்ச் பற்றி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு மூட்டை உப்பு நம் கிடங்கிலிருந்து கிளம்பி மலைமேல் இருக்கும் சிறு கடைக்காரரின் பலகையில் இறங்கும் வரை, அதன் விலையில் பாதிக் கவலை வண்டியைப் பற்றியதுதான். வண்டி நின்றால் வியாபாரம் நிற்கிறது. சமவெளியில் நின்றால் பணம் மட்டும் போகும். மலையில் நின்றால் என்னவெல்லாம் போகும் என்பதை நாங்கள் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் பாரத்தோடு ஏறும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, கிளட்சை மிதித்து, கியரை இறக்கி, வளைவு முடிந்ததும் மறுபடி கியரைக் கூட்டுகிறார். வளைவுக்கு இரண்டு முறை என்று வைத்தாலும் ஒரு நடைக்கு 140 முறை. இறங்கி வருவதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும். மேலே ஏறி முடித்த பிறகும் குண்டனி நாடு முதலான பகுதிகளில் உள்ள கடைகளுக்குப் போக ஏற்றமும் இறக்கமும் உண்டு. சமவெளியில் ஒரு வாரம் ஓடும் வண்டிக்கு வராத சோதனை, இங்கே ஒரே காலையில் கிளட்சுக்கு வந்துவிடும்.

எங்களுக்கு நடந்தது

எங்கள் மண்டியின் சிறிய லாரியில் கியர் பாக்ஸ் தேய்ந்து, மூன்றாம் கியர் தானாகத் தெறித்து விழ ஆரம்பித்தது. புதியது வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, உடைத்து விற்கும் வண்டியிலிருந்து எடுத்த பழைய கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கினோம். வெளி உறையான பெல் ஹவுசிங்கும் அதில் மாட்டியிருந்த சின்னச் சாமான்களும் அதனுடனேயே வந்தன. ஒரு ஒர்க் ஷாப்பில் கொடுத்து மாட்டினோம். பிரித்ததுதான் பிரித்தோம் என்று கிளட்ச் பிளேட்டையும் புதிதாகப் போட்டோம்.

வண்டியை எடுத்து வந்த டிரைவருக்கு ஏக மகிழ்ச்சி. "மொதலாளி, கிளட்ச் பெடலு வெண்ணெய் மாதிரி இருக்குதுங்க. முன்னே மாதிரி காலு வலிக்கறதில்லைங்க" என்றார். நாங்களும் மகிழ்ந்தோம். ரிவர்ஸ் கியர் போடும்போது மட்டும் 'கர்' என்று சத்தம் வந்தது. ஒர்க் ஷாப்பில் சொன்னதற்கு, "புது பிளேட்டு, நாலு நடை போனா செட் ஆயிரும்" என்றார்கள். நம்பிவிட்டோம்.

சோளக்காடு சந்தைக்கு முதல் நாள் அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின், சோப்பு என்று முழுப் பாரம் ஏற்றிக் கிளப்பினோம். பாதி மலை ஏறியிருக்கும். ஒரு வளைவில் இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இறக்கப் பார்த்தால் கியர் விழவில்லை. பல் அரைக்கும் சத்தம்தான் வந்தது. அதற்குள் வண்டி வேகம் இழந்து நின்று, பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக் பிடித்தது. கிளீனர் பையன் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டான். பின்னால் ஒரு பஸ் நின்றிருந்தது. இரண்டுக்கும் நடுவே பத்தடி இருந்திருக்கும். அந்தப் பத்தடியைத்தான் இன்றும் எங்கள் லாபக் கணக்கில் முதல் வரவாக வைக்கிறோம்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார் டிரைவர். முதல் கியர் சுலபமாக விழுந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

சரக்கை இரண்டு ஜீப்புகளில் மாற்றி மேலே அனுப்பினோம். காலி வண்டி மறுநாள் விடிந்ததும், முதல் கியரிலேயே, ஒரு இடத்திலும் கியர் மாற்றாமல் ஊர்ந்து இறங்கியது. சந்தைக்குப் போக வேண்டிய சரக்கில் பாதி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

கோளாறு பார்ப்பதற்கு முன் வேலை தெரிய வேண்டும். எஞ்சினின் கடைசியில் பிளை வீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் சுற்றுகிறது. அதை ஒட்டி கிளட்ச் பிளேட். அதற்குப் பின்னால் பிரஷர் பிளேட். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டைப் பிளை வீலோடு சேர்த்து நெருக்குகிறது. அப்போது மூன்றும் ஒன்றாகச் சுற்றும். கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டையில் உள்ள பற்களில் கியர் பாக்ஸின் ஷாப்ட் நுழைந்திருப்பதால் எஞ்சினின் பலம் கியர் பாக்ஸுக்குப் போகிறது.

பெடலை மிதித்தால் ஒரு போர்க் அசைந்து, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி, ஸ்பிரிங்கை அமுக்குகிறது. பிரஷர் பிளேட் ஒரு மயிரிழை விலகுகிறது. கிளட்ச் பிளேட் விடுபடுகிறது. எஞ்சின் சுற்றினாலும் கியர் பாக்ஸின் ஷாப்ட் நிற்கிறது. கியர் சத்தமின்றி விழுகிறது.

பெடலின் அசைவைப் போர்க்குக்குக் கொண்டு போவது சில வண்டிகளில் கம்பி அல்லது கேபிள். பலவற்றில் திரவம். பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் குழாய். மேலே பெடலை மிதித்தால் கீழே ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி நீளும்.

இவ்வளவுதான். கிளட்சில் வரும் கோளாறும் இரண்டே வகை: விட வேண்டிய நேரத்தில் விடாமல் இருப்பது, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் இருப்பது. உதறல், சத்தம் என்று மற்றவை எல்லாம் பெரும்பாலும் இவற்றுக்கு முன்னோடி.

கியர் பாக்ஸ் மாறும்போது என்னென்ன மாறுகின்றன?

மாற்றுவதற்கு முன் ஒழுங்காக இருந்த கிளட்ச் மாற்றிய மறுநாள் தொல்லை கொடுத்தால், காரணம் அநேகமாக அந்த வேலையிலேயே இருக்கும். கை வைத்த இடத்தில்தான் தேட வேண்டும்.

கிளட்ச் பிளேட்டின் வெளி அளவு எஞ்சினின் பிளை வீலுக்குச் சொந்தம். நடு ஓட்டையின் பற்கள் கியர் பாக்ஸ் ஷாப்டுக்குச் சொந்தம். ஷாப்டின் நுனி போய் உட்காரும் பைலட் பேரிங் எஞ்சின் பக்கம் இருக்கிறது, ஆனால் ஷாப்டின் அளவுக்கு ஒத்துப்போக வேண்டும். ரிலீஸ் பேரிங் கியர் பாக்ஸ் பக்கம் சறுக்குகிறது, ஆனால் எஞ்சின் பக்கத்துப் பிரஷர் பிளேட்டின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டு குடும்பத்தார் சம்பந்தம் செய்துகொள்வது போல, ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு பக்கத்துப் பொருத்தமும் பார்க்க வேண்டும். ஒரே கம்பெனி வண்டிதான், ஒரே மாதிரிதான் என்று கடைக்காரர் சொன்னாலும், வேறு வருடத்து வண்டியில் இந்த அளவுகள் மாறியிருக்கலாம்.

நாலு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர் பெட்டி போடுகிறவர்கள் ஜீப் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இந்தப் பொருத்தம் இன்னும் முக்கியம்.

முதல் கேள்வி: கோளாறு எங்கே?

கியர் விழவில்லை என்றவுடன் கிளட்சைக் குறை சொல்லக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போதும் கடினமாக இருந்தால், கோளாறு கியர் லீவரின் இணைப்புக் கம்பிகளிலோ கியர் பாக்ஸுக்குள்ளோ இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் அரைத்தால், கிளட்ச் விடவில்லை என்று பொருள். எங்கள் லாரியில் மலைமேல் தெரிந்தது இதுதான்.

இன்னும் உறுதி செய்ய, சமதரையில் கைப்பிரேக் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன்னோக்கிய கியர்களுக்கு உள்ள வேகம் ஒப்பிடும் அமைப்பு ரிவர்ஸுக்கு இருப்பதில்லை. ஆகவே கிளட்ச் சிறிது இழுத்தாலும் ரிவர்ஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். எங்கள் வண்டி முதல் நாளே ரிவர்ஸில் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை.

விடாத கிளட்ச்

இதற்கான காரணங்களை, சுலபமாகப் பார்க்கக் கூடியதிலிருந்து வரிசையாகச் சொல்கிறோம்.

1. குழாயில் காற்று. ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் காற்று புகுந்திருக்கும். பெடல் பஞ்சு போல் அமுங்கும். இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால் கியர் சரியாக விழும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்றை விட்டு, பெடலை விடுவதற்கு முன் மூடவேண்டும். குமிழி வருவது நிற்கும் வரை இதைச் செய்யவேண்டும். நடுவில் மேல் டப்பா காலியாகிவிடக் கூடாது.

2. திரவம் ஒழுகுதல், பழைய ரப்பர் குழாய் ஊதிக்கொள்ளுதல். பெடலை மிதிக்கும்போது குழாய் பருப்பதைக் கையால் தொட்டே அறியலாம். தள்ள வேண்டிய திரவம் குழாயை ஊதுவதில் வீணாகிறது.

3. அனுசரணை தவறியது. கம்பி, கேபிள் உள்ள வண்டிகளில் பெடலின் வெற்று அசைவு அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதும் விடாது. அளவு வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

4. ஸ்லேவ் சிலிண்டர் அளவு மாறியது. இதைத் தனியே சொல்கிறோம்.

5. பெல் ஹவுசிங் சரியாக உட்காராதது. இரண்டு முகத்துக்கும் நடுவே அழுக்கு, விட்டுப்போன குழல் பின் ஆகியவற்றால் கியர் பாக்ஸ் சற்றே சாய்ந்து நிற்கும்.

6. உள்ளே இருப்பவை. பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். பிளை வீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே குறி இருக்கும். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் முழுவதையும் பிளேட்டில் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துபோகும். போல்ட்டை முறுக்கியே பெட்டியை உள்ளே இழுத்தாலும் இதே கதிதான். போர்க் தன் இருப்பிடத்திலிருந்து நழுவியிருக்கலாம். ரிலீஸ் பேரிங் உயரம் குறைந்ததாக இருக்கலாம். பைலட் பேரிங் இறுகி, பெடலை மிதித்த பின்னும் ஷாப்டைச் சேர்த்துச் சுற்றலாம். ஷாப்டின் பற்கள் துருப்பிடித்துப் பிளேட் சறுக்காமல் நிற்கலாம்.

முதல் நான்கையும் பார்க்கக் கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஐந்தாவதையும் வெளியிலிருந்து ஓரளவு பார்க்கலாம். ஆறாவதுக்கு மட்டும் இறக்கியாக வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் முதல் வேலையே இறக்குவதுதான். கூலி அதில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிடிக்காத கிளட்ச்

ஏற்றத்தில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி அந்த அளவு நகரவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் நழுவுகிறது. சமதரையில் கைப்பிரேக்கை இழுத்து, முன்னால் ஆள் இல்லாமல் பார்த்து, உயர்ந்த கியரில் போட்டு, சிறிது ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பெடலை மெல்ல விட்டால் நல்ல கிளட்சில் எஞ்சின் திணறி அணையும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. ஒரு முறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பப் பார்த்தால் நாமே பிளேட்டை எரித்துவிடுவோம்.

பெட்டி மாற்றிய பின் நழுவினால் முதலில் பெடலின் வெற்று அசைவைப் பாருங்கள். அசைவே இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் தள்ளு கம்பியை இறுக்கமாக வைத்துவிட்டால் திரவம் டப்பாவுக்குத் திரும்ப வழியின்றி அடைபடும். சூடு ஏற ஏற அமுக்கம் கூடி, காலையில் நன்றாக ஓடிய வண்டி மலைப் பாதியில் நழுவும். அடுத்தது எண்ணெய். எஞ்சினின் பின் ஆயில் சீலோ, கியர் பாக்ஸின் முன் சீலோ கசிந்தால் பிளேட் நனையும். ஷாப்டின் பற்களுக்குக் கிரீஸை அள்ளிப் பூசியிருந்தாலும் சுற்றும் வேகத்தில் அது பிளேட்டில் தெறிக்கும். எண்ணெய் குடித்த பிளேட்டைத் துடைத்துப் போடுவதில் பயனில்லை. சீலை மாற்றிப் பிளேட்டையும் மாற்ற வேண்டும்.

உதறலும் சத்தமும்

பெடலை விடும்போது வண்டி உதறினால் எண்ணெய் பட்ட பிளேட், சூட்டில் புள்ளி விழுந்த பிளை வீல், சமமாக முறுக்காத பிரஷர் பிளேட் போல்ட், தளர்ந்த எஞ்சின் ரப்பர் மவுண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மவுண்ட் வெளியிலேயே இருப்பதால் அதை முதலில் பாருங்கள்.

சத்தத்தைக் காதாலேயே பிரிக்கலாம். நியூட்ரலில், கால் பெடலில் இல்லாதபோது சத்தம் இருந்து, மிதித்தால் நின்றுவிட்டால், அது கியர் பாக்ஸின் முன் ஷாப்ட் பேரிங். பெடலில் கால் பட்டவுடன் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். முழுவதும் மிதித்து, கியரில் போட்டு நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் பேரிங். பழைய பெட்டி வாங்கியவர்கள் இந்தச் சோதனையை மாட்டிய அன்றே செய்துவிட்டால், விற்றவரிடம் உடனே திரும்பிப் போகலாம்.

எங்கள் வண்டியில் இருந்த கோளாறு

மலையிலிருந்து இறங்கிய வண்டியை அதே ஒர்க் ஷாப்பில் விட்டோம். கியர் பாக்ஸை இறக்கினார்கள். பிளேட் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் இன்னொரு பிளேட் போட்டார்கள். அரைத்தது. மறுபடி இறக்கி ரிலீஸ் பேரிங்கை மாற்றினார்கள். அப்போதும் அரைத்தது. நாலு நாள் வண்டி நின்றது.

ஐந்தாம் நாள், வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு அடிக்கோலோடு படுத்தார். டிரைவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார். எழுந்து வந்து எங்களைக் கேட்டார்: "ஏனுங்க, உங்க பழைய பெட்டியில இருந்த சிலிண்டரு எங்கீங்க?"

பழைய பெட்டி அந்த ஒர்க் ஷாப்பின் மூலையிலேயே கிடந்தது. அதிலிருந்த சிலிண்டரின் உள் விட்டம் முக்கால் அங்குலம். இப்போது மாட்டியிருப்பது முக்காலே அரைக்கால் அங்குலம். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒன்றாகவே இருந்தன. போல்ட் ஓட்டையும் ஒன்றே.

அரைக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று நினைக்கலாம். நம் வியாபாரிகளுக்குக் கணக்குச் சொன்னால் புரியும். முக்கால் என்பது எட்டில் 6. முக்காலே அரைக்கால் என்பது எட்டில் 7. சிலிண்டரின் வாய்ப் பரப்பு விட்டத்தின் வர்க்கப்படி கூடும். 6 × 6 = 36. 7 × 7 = 49. மேலே மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற திரவம் அதே அளவுதான். ஒடுக்கமான படியில் உயரமாக நின்ற எண்ணெய், அகலமான படியில் ஊற்றினால் தாழ்ந்துதானே நிற்கும்? முன்பு 15 மில்லிமீட்டர் நீண்ட கம்பி இப்போது 15 × 36 ÷ 49, அதாவது சுமார் 11 மில்லிமீட்டர்தான் நீளும். காலில் ஒரு பங்குக்கு மேல் அசைவு குறைந்துவிட்டது. அதனால் கிளட்ச் முக்கால்வாசி விட்டது, முழுவதும் விடவில்லை. காலியாகச் சமவெளியில் ஓடும்போது எப்படியோ சமாளித்தது. பாரமும் சூடும் ஏற்றமும் சேர்ந்தபோது கைவிட்டது.

அகலமான சிலிண்டரில் அசைவு குறைந்தால் பலம் கூடும். டிரைவருக்குப் பெடல் வெண்ணெயாக இருந்ததற்குக் காரணம் இதுவே. நாங்கள் லாபம் என்று எண்ணி மகிழ்ந்ததுதான் கோளாறின் முதல் அறிகுறி. வேலை முடிந்த வண்டியில் ஏதாவது ஒன்று திடீரென்று முன்னைவிட இலேசாகிவிட்டால், மகிழ்வதற்கு முன் ஏன் என்று கேட்க வேண்டும்.

பழைய சிலிண்டரில் ரப்பர் வாஷர்களை மாற்றி, மாட்டி, காற்று எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பெடல் பழையபடி கனத்தது. ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது.

"செட் ஆகிவிடும்" என்பது எவ்வளவு உண்மை?

அந்தச் சொல் முழுப் பொய்யும் அல்ல. புதிய பிளேட்டின் மேற்பரப்பு பிளை வீலோடு ஒன்றிப் படிய, அலுங்காமல் சிறிது தூரம் ஓட்ட வேண்டியது உண்மை. தொடக்கத்தில் இலேசான உதறல் இருந்து தானே போய்விடலாம். ஆனால் கியர் அரைப்பது ஓடி ஓடிச் சரியாகிற கோளாறு அல்ல. குறைந்த அசைவு தானாகக் கூடாது. புகுந்த காற்று தானாக வெளியேறாது. ஓட ஓடக் கியர் பற்கள்தான் தேயும். வாங்கிய பழைய பெட்டியும் நாளடைவில் இரண்டாம் முறை பழையதாகும்.

பாரம் ஏற்றும் முன்

ஏறும்போது கியர் விழாவிட்டால் வண்டி நிற்கும், கட்டை போடலாம். இறங்கும்போது கியரைக் குறைக்கப் போய் விழாவிட்டால், வண்டி நியூட்ரலில் ஓடும். எஞ்சினின் இழுப்பு இல்லை. பிரேக் ஒன்றையே மிதித்துக்கொண்டு வளைவு வளைவாக வந்தால், சூட்டில் பிரேக்கும் பிடிப்பை இழக்கும். எனவே கியர் பாக்ஸ் மாற்றிய வண்டியை மலைக்கு அனுப்பும் முன் கீழ்க்கண்டவற்றை முடித்துவிட வேண்டும்.

1. ரிவர்ஸ் சோதனையும் நழுவல் சோதனையும் சமதரையில் செய்யவேண்டும். எஞ்சின் சூடான பின் இன்னொரு முறை ரிவர்ஸ் சோதனை.

2. காலி வண்டியாகக் காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வரை ஒரு நடை. பிறகு பாதிப் பாரம். அதன் பிறகே முழுப் பாரம்.

3. திரும்பி வந்ததும் மேல் டப்பாவில் திரவ அளவு, ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு, பெல் ஹவுசிங் அடியில் எண்ணெய்த் துளி மூன்றையும் பார்க்க வேண்டும்.

4. திரவம் குறைந்தால் டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்ற வேண்டும். டாட் 3, டாட் 4 என்று இருந்தால் அதுவே. அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் உள்ளே ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

5. சக்கரத்துக்குக் கட்டை இரண்டு, எப்போதும் வண்டியில். கல்லைத் தேடி ஓட நேரம் இருக்காது.

6. வண்டி நின்று சரக்கை வேறு வண்டியில் மாற்ற நேர்ந்தால், இ-வே பில் எடுத்த சரக்காயின் பகுதி 'பி'யில் புது வண்டி எண்ணைத் திருத்திய பிறகே நகர்த்த வேண்டும்.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டியவை

கழற்றுவதற்கு முன்பே, பெடலை மிதித்து ஸ்லேவ் கம்பியின் அசைவை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாட்டிய பின் மறுபடி அளந்தால் இரண்டு எண்ணும் பேசிக்கொள்ளும். பழைய பிளேட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வெளி விட்டம், பல் எண்ணிக்கை, நடு உயரம் மூன்றையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பழைய சிலிண்டர், பேரிங், போர்க் எதையும், வண்டி ஒரு மாதம் ஓடும் வரை இரும்புக் கடைக்குப் போட விடாதீர்கள். பழைய கியர் பாக்ஸுக்கும் எண்களோடு பில் வாங்குங்கள். பழைய வண்டிகளின் கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததால், உள்ளே படிந்த தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மூச்சில் போகும் அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். வேலை செய்யும் பையன்களும் நம் பிள்ளைகள்தான்.

மூட்டை வந்தால் எடை போட்டுத்தான் இறக்குகிறோம். எடை போடாமல் இறக்கிய மூட்டையைப் பற்றிப் பின்னால் புகார் சொல்ல முடியாது. வண்டி வேலைக்கும் அதே வழக்கத்தை வையுங்கள். அளந்து கொடுத்து, அளந்து வாங்குங்கள்.

எங்கள் மண்டியில் அன்றிலிருந்து தராசுக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கோல் தொங்குகிறது. வண்டி எந்த ஒர்க் ஷாப்புக்குப் போனாலும் டிரைவர் அதை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்.